ஓடை முனையும் ஒற்றைச் சக்கரமும்: டூ வீல் டிரைவ் வண்டிக்கு டிஃப் லாக் தேடிய கதை

“டிராக்டர்ல குதிகாலால அமுக்குனா ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்துதுல்ல, அந்த மாதிரி ஒரு பெடல் நம்ம வண்டிக்கு வைக்க முடியாதாடா?”

ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி பெரியப்பா போனில் கேட்டது இது. தாண்டிக்குடிப் பக்கம் அவருக்குக் காப்பித் தோட்டம், ஊடே மிளகும் மலைவாழையும். தார் ரோட்டிலிருந்து களத்துக்கு இறங்கும் இரண்டு கிலோமீட்டர் மண் பாதையில் வண்டி மாட்டி, ஆறு பேர் தள்ளியும் நகராமல், கடைசியில் டிராக்டர் வந்து இழுத்துவிட்டிருக்கிறது. நான் வத்தலக்குண்டில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் பத்து வருஷம் கை அழுக்காக்கியவன். குடும்பத்தில் வண்டி சம்பந்தமாக எந்தக் கேள்வி வந்தாலும் அது சுற்றி வந்து என்னிடம்தான் நிற்கும்.

வைக்க முடியும் பெரியப்பா, ஆனால் வைக்கலாமா என்பது வேறு கேள்வி என்றேன். அந்த வேறு கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆனது. எங்கே எதை யோசித்தோம், எங்கே தப்பாக யோசித்தோம் என்று எழுதி வைத்தால் இதே யோசனையில் இருக்கிற யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி பன்னிரண்டு வருஷம் ஓடிய டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம், பின் சக்கர இழுவை. ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. பாரம் எல்லாம் டிராக்டர் டிரெய்லரில் போய்விடும், இந்த வண்டிக்கு வேலை ஆட்களை ஏற்றி இறக்குவது, உர மூட்டை நாலைந்து, அவசரத்துக்கு வத்தலக்குண்டு ஓடுவது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், வண்டி ஒரு நாளில் ஓடும் தூரத்தில் மண் பாதை நாலு கிலோமீட்டர் என்றால் மலை ரோடு அறுபது எழுபது வரும். இந்தக் கணக்கை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முடிவைத் தீர்மானித்ததே இதுதான்.

முதலில் ஒரு நோட்டு

லாக்கர், அதாவது இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் டிஃப் லாக், வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நேராக எந்தக் கம்பெனி, என்ன விலை என்று போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு வாரம் விலை தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் வண்டி எதனால் நிற்கிறது என்று ஒருத்தரும் சரியாகப் பார்க்கவே இல்லையே என்று உறைத்தது. டிரைவர் அண்ணனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, வண்டி மாட்டினால் எந்த இடம், எந்தச் சக்கரம் சுற்றியது, ஆள் எத்தனை பேர் என்று மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொன்னேன். முதலில் சிரித்தார். ஆனால் எழுதினார்.

மார்கழி முடிய பதினான்கு தடவை. அதில் ஒன்பது ஒரே இடம், ஓடை முனை. மேலேயிருந்து வரும் தண்ணீர் பாதையைக் கோணலாக அறுத்துக்கொண்டு போகும் இடம் அது. வண்டி ஏறும்போது முன் வலது சக்கரமும் பின் இடது சக்கரமும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்க, பின் இடது சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டு விர்ரென்று சுற்றும். பின் வலது சக்கரம் நல்ல கெட்டித் தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நாலு தடவை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் களிமண் ஏற்றம், அங்கே இரண்டு பின் சக்கரமும் மாறி மாறிச் சுற்றியதாக எழுதியிருந்தார். ஒரு தடவை நடுமேட்டில் டிஃபரன்ஷியல் ஹவுசிங், அதாவது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர் கூடு, தட்டி, வண்டி வயிற்றில் படுத்துவிட்டது.

மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம். லாக்கர் முதலாவதற்குத்தான் மருந்து, இரண்டாவதற்கு ஏறக்குறைய உபயோகமே இல்லை, மூன்றாவதற்கு மண்வெட்டி போதும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு

டிஃபரன்ஷியல் என்பது 1820களின் கடைசியில் பிரான்ஸில் ஒனேசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காகப் பதிவு செய்த சமாச்சாரம். திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டும், இரண்டையும் ஒரே ஆக்சிலில் கட்டிப்போட்டால் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டே வரும். அதற்காக வேகத்தைப் பிரித்துக்கொள்ள விடுகிறது. ஆனால் வேகத்தைப் பிரிக்க விட்டாலும் விசையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். கோளாறு இங்கேதான். ஒரு சக்கரம் எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறதோ, நன்றாகப் பிடிக்கும் இன்னொரு சக்கரத்துக்கும் அதே அளவுதான் கிடைக்கும்.

எங்கள் வண்டியை ஆட்களோடு 2000 கிலோ என்று வையுங்கள். பின் ஆக்சிலில் 1000, சக்கரத்துக்கு 500. எட்டு அடிக்கு ஒரு அடி ஏறும் பாதை என்றால் மேலே தள்ள 250 கிலோ விசை வேண்டும், மண்ணில் உருளும் தடைக்கு ஒரு 100 சேர்த்தால் 350. வலது சக்கரம் கெட்டி மண்ணில், எடையில் 0.6 பங்கு பிடிக்கிறது, அதாவது 300. இடது சக்கரம் வழுக்குச் சேற்றில், 0.15 பங்கு, அதாவது 75. சாதாரண டிஃபரன்ஷியல் கொடுப்பது 75ம் 75ம், மொத்தம் 150. வண்டி நகராது. இரண்டையும் பூட்டிவிட்டால் 300ம் 75ம், மொத்தம் 375. ஏறிவிடும்.

இப்போது இரண்டு சக்கரமும் சேற்றில் இருப்பதாகப் போடுங்கள். பூட்டாவிட்டால் 150. பூட்டினாலும் 150தான். ஆயிரம் ரூபாய் லாக்கரோ லட்ச ரூபாய் லாக்கரோ, இல்லாத பிடியை எதுவும் உண்டாக்காது. அதற்கு டயர் வேண்டும், இல்லாவிட்டால் பாதையில் ஜல்லி வேண்டும்.

ஓடை முனை மாதிரி சக்கரம் தொங்கும் இடத்தில் கணக்கு இன்னும் சுவாரசியம். தொங்கும் சக்கரத்தில் பிடி பூஜ்யம், அதனால் மற்றதிலும் பூஜ்யம். ஆனால் தொங்கும் சக்கரத்தில் இல்லாத எடை காற்றில் போய்விடவில்லை, முக்கால்வாசி அந்த இன்னொரு பின் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பூட்டினால் அந்த ஒற்றைச் சக்கரமே வண்டியை மேலே ஏற்றிவிடும். டூ வீல் டிரைவுக்கு லாக்கர் போட்டால் பாதி ஃபோர் வீல் டிரைவ் என்று சிலர் சொல்வது இந்த மாதிரி இடத்தில் மட்டும் உண்மை.

கடைத்தெருவில் என்னென்ன இருக்கிறது

முதல் யோசனை உள்ளூர் பட்டறையிலிருந்து வந்தது. “ஸ்பைடர் கியரை வெல்டிங் வச்சிரலாம்ணே, மூவாயிரத்துல முடிஞ்சிரும்.” ஸ்பைடர் கியர் என்பது டிஃபரன்ஷியலுக்குள் வேகத்தைப் பிரித்துக்கொடுக்கும் சின்னப் பல்சக்கரங்கள். வைக்கலாம். வயல் வேலைக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொரு தடவையும் ஒரு டயர் இழுபட்டு, ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கேறி, ஈரத் தார் ரோட்டில் பின்பக்கம் வழுக்கி என்று நினைத்துப் பார்த்தாலே போதும். அந்த அண்ணனுக்கு நன்றி சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து லிமிடெட் ஸ்லிப். உள்ளே கிளட்ச் தகடுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், ஒரு சக்கரம் அதிகமாகச் சுற்றினால் தகடுகள் உரசி மற்ற சக்கரத்துக்குக் கொஞ்சம் விசையைத் தள்ளிவிடும். ரோட்டில் இதுதான் சாதுவான ஆள். டார்சன் மாதிரி முழுக்க கியரால் ஆனவை பிடிக்கும் சக்கரத்துக்கு மற்றதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு கூடக் கொடுக்கும். ஆனால் பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. எங்கள் நோட்டில் ஒன்பது தடவை சக்கரம் தொங்கியிருக்கிறது, அங்கே டார்சன் பாவம் என்ன செய்யும்? கிளட்ச் வகை கொஞ்சம் இழுக்கும், ஆனால் தகடு தேயத் தேய அதுவும் குறையும், கியர் ஆயிலில் அதற்கென்று ஒரு சேர்மானம் ஊற்ற வேண்டும், அதை மறந்தால் திருப்பத்தில் கடகடவென்று நடுங்கும். முன் சக்கர இழுவைக் கார் என்றால் நான் லிமிடெட் ஸ்லிப்பைத்தான் சொல்லுவேன், முன்னால் பூட்டினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். இது பின் சக்கர வண்டி.

மூன்றாவது ஆட்டோ லாக்கர். டெட்ராய்ட் லாக்கர் என்று பழைய அமெரிக்கப் பெயர் ஒன்று, ஸ்பைடர் கியரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சொருகும் சின்ன வகைகளும் உண்டு. இதன் சுபாவம் தலைகீழ். சாதாரணமாகவே பூட்டியிருக்கும், திருப்பத்தில் வெளிச் சக்கரம் வேகமாக ஓட வேண்டும் என்றால் மட்டும் பல்லைத் தாண்டிக் கடக் கடக்கென்று விட்டுக்கொடுக்கும். மண்ணில் இதற்கு இணை இல்லை, கேபிள் இல்லை, பட்டன் இல்லை, காற்று இல்லை. மலை ரோட்டில்தான் பிரச்சினை. வளைவில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு மாதிரி போகும், காலை எடுத்தால் இன்னொரு மாதிரி போகும், நடுவில் ஒரு வெட்டு வெட்டும். மழையில் பெரும்பாறைப் பக்கத்து வளைவுகளில் வண்டியில் ஏழு பேரை வைத்துக்கொண்டு இந்த வேடிக்கை வேண்டாம்.

நான்காவது பெரியப்பா கேட்டது, நாம் வேண்டும்போது பூட்டுவது. காற்றில் வேலை செய்யும் ஏர் லாக்கர் ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி பிரபலப்படுத்தியது, மின்காந்தத்தில் பூட்டும் வகையும் இருக்கிறது. பட்டன் அமுக்காதவரை சாதாரண டிஃபரன்ஷியல், அமுக்கினால் டிராக்டர் பெடல். மனசுக்குப் பிடித்தது இதுதான். எங்கள் பழைய வண்டியின் ஆக்சிலுக்கு நேராக உட்காரும் கிட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேறு ஆக்சில் மாற்று, அல்லது கேஸைக் கடைசல் போட்டுப் பொருத்து என்று இரண்டு பேர் சொன்னார்கள். டிஃபரன்ஷியலைச் சுற்றும் கிரவுன் பினியன் கியர் ஜோடியைக் கழற்றி மாட்டுவது சும்மா வேலை இல்லை. பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பார்த்து, பல்லில் மை தடவிச் சுற்றி எந்த இடத்தில் பதிகிறது என்று பார்த்து, பேரிங் இறுக்கம் சரியாக வைத்து என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். தப்பினால் ஆறே மாதத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹவுசிங் பாட ஆரம்பித்துவிடும். இறக்குமதி, கம்ப்ரசர், கடைசல், லேபர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் வண்டியின் அன்றைய சந்தை விலையில் பாதிக்கு வந்து நின்றது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வேறு, தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முன்னால் உட்கார்ந்து ஆக்சிலைப் பற்றி வாதாடும் தெம்பு பெரியப்பாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

பிரேக் மூலம் சமாளிக்கும் எலக்ட்ரானிக் வகையையும் சொல்லிவிடுகிறேன். சுற்றும் சக்கரத்தை மட்டும் ஏபிஎஸ் பம்ப் பிரேக் பிடிக்க, விசை மறுபக்கம் போகும். டிராக்டரில் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்துச் சேற்றிலிருந்து எழுப்பியவர்களுக்கு இது புதிது இல்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நெடுநேரம் இழுத்தால் பிரேக் சூடாகும்.

இதன் ஏழைத் தம்பி எங்கள் பழைய வண்டியிலேயே இருந்தது: ஹேண்ட்பிரேக். பின் சக்கர டிரம்மைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்காக இருந்தால், சக்கரம் சுற்றும்போது லிவரை மூன்று நாலு பல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்தால், சுற்றும் சக்கரத்துக்கு ஒரு தடை உண்டாகி, அதே அளவு விசை கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும் என்பார்கள். ஆனால் அந்தச் சக்கரத்தையும் ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது என்பதால் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. செலவு பூஜ்யம். தை மாதம் வந்த மழைக்கு ஓடை முனையில் சொல்லிக் கொடுத்தேன், மூன்றில் இரண்டு தடவை வண்டி ஏறியது. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்பதுதான்.

பூட்டு பாதாளத்தில் தள்ளும் இடம்

தோட்டத்துப் பாதையில் ஒரு நூறு அடி தூரம் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கீழே பத்தடிச் சரிவு, அதில் காப்பிச் செடி. இந்த இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன், லாக்கர் விற்பவர்கள் யாரும் இதைப் பேசுவதும் இல்லை.

சாதாரண டிஃபரன்ஷியல் வண்டி அங்கே வழுக்கினால் ஒரு பின் சக்கரம் சுற்றும், இன்னொன்று சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கும் சக்கரம் ஒரு உபகாரம் செய்கிறது: வண்டியைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து வைக்கிறது. சுற்றும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது, நிற்கும் டயருக்கு உண்டு. பூட்டிய ஆக்சில் என்றால் இரண்டும் சேர்ந்து சுற்றும், இரண்டும் பக்கவாட்டுப் பிடியை ஒரே நேரத்தில் விடும், பின்பக்கம் அப்படியே சரிவை நோக்கி இறங்கும். அதிலும் டூ வீல் டிரைவில் முன் சக்கரம் இழுத்து நேர் செய்யாது, பின்னால் பூட்டிய ஆக்சில் வண்டியை நேராகவே தள்ளப் பார்க்கும், ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் முன் சக்கரம் சேற்றில் உழுதுகொண்டு போகும். டிராக்டரில் பெடலை அமுக்கிக்கொண்டு திருப்பாதே என்று சொல்வது இதனால்தான். டிராக்டருக்குக் காலை எடுத்தால் போதும். எங்கள் வண்டிக்கு எது அந்தக் கால்?

ஆக, எங்களுக்கு வேண்டியது பூட்டாமல் இருக்கத் தெரிந்த பூட்டு. மலை ரோட்டில் இருக்கிற இடமே தெரியக் கூடாது, ஓடை முனையில் மட்டும் வர வேண்டும்.

ஈட்டன் பெட்டி

கோடையில் பெரியப்பாவின் மூத்த மகன், அதாவது என் அண்ணன், பழைய வண்டிக்குச் செலவு செய்வதை விட மாற்றிவிடலாம் என்றார். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பார்த்தோம். ஏழு பேர் உட்கார வேண்டும், விலையும் அடங்க வேண்டும் என்றதும் பட்டியல் சுருங்கிவிட்டது. அப்போது கண்ணில் பட்டது 2021இல் வந்த மஹிந்திரா பொலேரோ நியோவின் என்10 ஓ வகை. ஃபோர் வீல் டிரைவ் இல்லை, பின் சக்கர இழுவைதான், சட்டகத்தின் மேல் கட்டிய வண்டி, 1.5 லிட்டர் டீசல், 100 பிஎஸ், 260 நியூட்டன் மீட்டர். ஆனால் பின் ஆக்சிலுக்குள் ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் கம்பெனியிலேயே வைத்து வருகிறது. பட்டன் கிடையாது, பெடல் கிடையாது, தானாகப் பூட்டும்.

தானாகப் பூட்டும் என்றதும் எனக்கு முதலில் ஒவ்வவில்லை, ஆட்டோ லாக்கர் பயம்தான். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்த பிறகு மனசு மாறியது. சாதாரண நேரத்தில் இது சாதாரண டிஃபரன்ஷியலேதான். இரண்டு சக்கரத்துக்கும் இடையே நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால், உள்ளே ஒரு சின்ன கவர்னரின், அதாவது வேகமாகச் சுழன்றால் விரியும் அமைப்பின், எடைகள் விரிந்து கொக்கியில் மாட்டும், அது ஒரு சரிவுத் தகட்டை ஏற்றி, தகடு கிளட்ச்சை நெருக்கி, பக்கம் இரண்டையும் முழுசாகப் பூட்டிவிடும். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் இன்னொரு எடை அந்தக் கொக்கியை விலக்கி வைத்துவிடும், எனவே வேகத்தில் பூட்டாது. இது புதுச் சரக்கு இல்லை, 1973இலிருந்து அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் கவ்-லாக் என்ற பெயரில் வந்ததன் வாரிசு. அங்கே அதைக் கவ்-பாம், அதாவது வெடிகுண்டு, என்று கிண்டல் செய்வார்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மலை வளைவில் இது தப்பாகப் பூட்டுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறுக்கமான கொண்டை ஊசியில் பின் ஆக்சிலின் நடு ஒரு 6 மீட்டர் ஆரத்தில் போகிறது, பின் சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 1.4 மீட்டர், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 2.8 மீட்டர். வெளிச் சக்கரத்துக்கும் உள் சக்கரத்துக்கும் வித்தியாசம் நொடிக்கு 0.65 மீட்டர். 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், ஆக வித்தியாசம் நிமிஷத்துக்கு 18 சுற்று. 100க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 15 மீட்டர் வளைவில் 30 கிலோமீட்டரில் போனாலும் 21தான் வருகிறது. சக்கரம் உண்மையிலேயே பிடியை இழந்து சுற்றினால் ஒழிய இந்தப் பூட்டு விழித்துக்கொள்ளாது. எனக்கு இந்தக் கணக்குதான் வண்டியை விற்றது, ஷோரூம் பையன் பாவம் சீட் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பிடிக்காததும் இருந்தது. தரை இடைவெளி 160 மில்லிமீட்டர், பழைய வண்டியை விட ஒரு விரல் குறைச்சல். நோட்டில் பதினான்காவது சம்பவம் ஹவுசிங் தட்டியது. லாக்கரோடு வரும் வண்டி ஹவுசிங்கைத் தரைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டு வருகிறது என்றால் அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது. சாய்ந்த பாதையில் தானாகப் பூட்டும் அபாயமும் முழுசாகப் போகவில்லை, சக்கரத்தைச் சுற்ற விட்டால் அங்கேயும் பூட்டும். பட்டனில் பூட்டும் பின் சக்கர வண்டி ஒன்று அதே விலையில் கம்பெனியிலிருந்தே கிடைத்திருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. வாரண்டி இருக்கிறது, ஆக்சிலில் யாரும் கை வைக்க வேண்டாம், மலை ரோட்டில் தொந்தரவு இல்லை என்ற மூன்றுக்காக அதை வாங்கினோம்.

முதல் மழை

ஓடை முனைக்கு முதல் தடவை ஏறும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின் இடது சக்கரம் தொங்கியது, விர்ரென்று சத்தம் வந்ததும் டிரைவர் அண்ணன் காலை எடுத்துவிட்டார். வண்டி பின்னால் சரிந்தது. இரண்டாவது தடவையும் அதே. பழைய வண்டியில் பன்னிரண்டு வருஷப் பழக்கம், சக்கரம் சுற்றினால் காலை எடு, இல்லாவிட்டால் குழி பறித்துவிடும் என்று கால் தானாகவே எழும்புகிறது. ஆனால் இந்தப் பெட்டிக்கு அந்தச் சுற்று வேண்டும். சுற்றினால்தான் கவர்னர் விரியும். பூட்டப் போகிற நொடிக்கு முந்தின நொடியில் காலை எடுத்தால் அது பூட்டவே பூட்டாது.

“அண்ணே, சத்தம் வந்ததும் கால அப்படியே வைங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க.”

ஒண்ணு என்றார். டக் என்று அடியில் ஒரு சத்தம், யாரோ சுத்தியலால் தட்டின மாதிரி. வண்டி ஒரு குலுக்கலோடு மேலே வந்து நின்றது. பின் சீட்டில் இருந்த பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். அது அவர் சந்தோஷத்தின் அடையாளம்.

கூட்டவும் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அந்தக் கவ்-பாம் பெயர். சக்கரத்தை ஏகமாகச் சுற்றவிட்டு, அந்த வேகத்தில் திடீரென்று பூட்டினால், சுற்றும் சக்கரத்தின் மொத்த வேகமும் ஒரே அடியாக உள்ளே இறங்கும். அப்படித்தான் அங்கே பல பெட்டிகள் உடைந்தன. குறைந்த கியர், நிதானமான கால். டிரைவர் அண்ணன் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஓட்டுவது பற்றி எனக்கு இன்னும் கவலை உண்டு.

ஒரு தடவை ஆபத்து கிட்டத்தில் வந்து போனது, பாதையில் இல்லை, பட்டறையில். பின் வீல் பேரிங் சத்தம் போடுகிறதா என்று பார்க்க, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டுச் சுற்றவிடப் போனான் ஒரு பையன். சாதாரண வண்டியில் எல்லோரும் செய்வதுதான், தூக்கிய சக்கரம் சுற்றும், தரையில் இருப்பது சும்மா இருக்கும். இங்கே தூக்கிய சக்கரம் 100 சுற்று தாண்டினதும் பெட்டி பூட்டும், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு சுவருக்கே போகும். கத்தி நிறுத்தினேன். இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் டிரைவர் பக்கக் கதவில் ஒரு ஸ்டிக்கராவது ஒட்டி வையுங்கள், பின்னால் தூக்கினால் இரண்டையும் தூக்கு என்று. கியர் ஆயிலையும் பட்டறைக்காரர் கையில் இருப்பதை ஊற்ற விடாமல் மேனுவலில் போட்டிருப்பதையே கேட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

அந்த மழைக்காலத்து நோட்டு இப்படி: ஓடை முனையில் ஒரு தடவைகூட டிராக்டரைக் கூப்பிடவில்லை. களிமண் ஏற்றத்தில் மூன்று தடவை மாட்டியது, பெட்டி பூட்டியது, இரண்டு சக்கரமும் ஜோடியாகச் சுற்றின, வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் ஒரு தடவை பின்பக்கம் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தும் விட்டது. ஹவுசிங் இரண்டு தடவை உரசியது.

கார்த்திகைக் கடைசியில் பெரியப்பா இரண்டு டிரெய்லர் ஜல்லி இறக்கிக் களிமண் ஏற்றத்தில் பரப்பினார், நடுமேட்டை வெட்டி அந்த மண்ணைச் சாய்ந்த பாதையின் பள்ளத்துப் பக்கம் கொட்டிக் கல் வைத்து அணைத்தார். ரோட்டு டயர் தேய்ந்ததும் பட்டன் டயர் போட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஓடை முனையிலும் ஒரு குழாய் பதித்து மேலே மண்ணை மூடிவிடலாமே, நாலு மூட்டை சிமெண்ட் ஆகுமா என்று போன வாரம் போனில் கேட்டார். ஆகும் பெரியப்பா, ஆனால் அப்புறம் அந்தப் பெட்டிக்கு வேலை இருக்காதே என்றேன். பரவாயில்லை, சும்மா இருக்கட்டும் என்றார்.